தங்கத் துகளின் கண் யாரைப் பார்க்கிறது?

செல்போன் கண்ணாடியில் முடியிழையைவிட மெல்லிய கீறல் விழுந்தாலும் அதைக் கண்டுபிடிக்க விளக்கு உண்டு, காமிரா உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. கீறல் விழுந்த சரக்கு ஆலை வாசலைத் தாண்டாது. ஆனால் அந்தக் கண்ணாடியைப் பொருத்திய பெண், ஷிப்டு முடிந்து விடுதிக்குத் திரும்பித் தட்டில் போட்டுக்கொண்ட சோற்றில் என்ன இருந்தது? அதைப் பார்க்க விளக்கும் இல்லை, காமிராவும் இல்லை. சரக்குக்கு ஆயிரம் கண். சரக்கைச் செய்தவளுக்குக் கண்கட்டு! ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பூமியில் இன்று விளைகிற நியாயம் இதுதான்.

இப்போது ஒரு புதுச் சேதி ஊரெங்கும் பேசப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமியையும், கிருமி கக்கும் நஞ்சையும், ஒரு துளி ரத்தத்தில் ஒளிந்திருக்கும் நோயின் அறிகுறியையும் ஒளியைக் கொண்டே கண்டுபிடிக்கும் நானோ சென்சார்கள் வந்துவிட்டனவாம். இனி நோய் பயமில்லை, விஞ்ஞானம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள் முதலாளிமார்களும் அவர்களுடைய விளம்பரதாரர்களும்.

விஞ்ஞானம் பார்க்கும். சந்தேகமில்லை. ஆனால் யாருக்காகப் பார்க்கும்? யாரைப் பார்க்கும்? பார்த்ததை யாரிடம் சொல்லும்? உழைப்பாளி மக்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

அந்த டிசம்பர் இரவு

2021 டிசம்பர் மத்தியில் நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் அப்போது சுமார் 17,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி 250க்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

கூட இருந்த தோழியைக் காணோம். எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்? உயிரோடு இருக்கிறாளா? கேட்டால் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் வதந்தி முளைக்கத்தானே செய்யும்? சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சுப் பரவியது. டிசம்பர் 17ஆம் தேதி இரவு அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை முதல் நாளே, பெயர்ப் பட்டியலோடு, விடுதி வாசலில் எழுதி ஒட்டியிருந்தால் வதந்திக்கு இடம் ஏது? வதந்தி பரப்பியதாகச் சிலரைக் கைது செய்தார்கள். மறியல் செய்த பெண்கள் பலரைப் பிடித்து வைத்தார்கள். உண்மையைக் கேட்டவர்களுக்கு லாக்கப். உண்மையைப் பூட்டி வைத்தவர்களுக்கு மேஜை நாற்காலி!

பிறகு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தச் சமையலறைக்குப் போனார்கள். என்ன கண்டார்கள்? எலி ஓடியது. கழிவுநீர் ஒழுங்காகப் போக வழியில்லை. சமையலறையை மூடினார்கள். ஓர் அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை தரையில் படுத்ததாகப் பெண்களே பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் சில தரக்குறைவாக இருந்ததை ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஃபாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எலியைக் காண நானோ சென்சார் எதற்கு? இரண்டு கண்ணும் ஒரு அரிக்கேன் விளக்கும் போதாதா? போதும். சாக்கடை நாற்றத்தை அறிய எந்தக் கருவி வேண்டும்? மூக்கு ஒன்று போதும். அந்தப் பெண்களுக்குக் கண்ணும் இருந்தது, மூக்கும் இருந்தது. சமையலறைக்குள் போய்ப் பார்த்து, "இந்தச் சோறு வேண்டாம், இதைக் கொட்டு" என்று சொல்கிற உரிமைதான் இல்லை! பார்க்கும் கருவி இல்லாததால் வந்த கேடல்ல இது. பார்க்கும் உரிமை இல்லாததால் வந்த கேடு.

அப்படியானால் இந்தக் கருவி நமக்கு எதற்கு?

நம்மவர்களிலேயே சிலர் இப்படிக் கேட்பார்கள்: "நானோவாவது, ஒளியாவது! கூலி உயரவில்லை, வேலை நிரந்தரமில்லை, இது பணக்காரன் விளையாட்டு. நமக்கென்ன?"

இந்தப் பேச்சு தவறு. விஞ்ஞானத்தை முதலாளிக்குத் தாரை வார்த்துவிட்டுக் கைகட்டி நிற்கிற பேச்சு. உழைப்பாளியின் உடலைப் பற்றிய அறிவு உழைப்பாளிக்கு வேண்டாமென்றால் வேறு யாருக்கு வேண்டும்? முதலில் இந்தக் கண் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். கிருமி ஒன்று ஏறக்குறைய ஆயிரம் நானோமீட்டர் நீளம். கிருமி கக்கும் நஞ்சு அதைவிட மிகமிகச் சிறிது, சில நானோமீட்டர்தான். சாதாரண மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரியும். நஞ்சின் மூலக்கூறு தெரியாது. பிறகு எப்படிக் காண்பது?

இங்கேதான் தங்கம் உதவிக்கு வருகிறது. கழுத்தில் கிடக்கும் தங்கம் மஞ்சள். அதையே 20, 30 நானோமீட்டர் அளவுக்குத் துகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் மஞ்சள் போய்விடும். வெற்றிலை போட்ட வாய்போல் சிவந்துவிடும்! ஒளி பட்டதும் அந்தத் துகளுக்குள் இருக்கும் மின் துகள்கள் ஊஞ்சல்போல் ஆடுகின்றன. ஆட்டத்துக்கு ஒத்த ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிஞ்சியது சிவப்பாகத் தெரிகிறது. இந்தச் சிவப்புக்குக் காரணம் தங்கத் துகளின் சிறுமையே என்று 1857இல் எடுத்துக்காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. யார் அவர்? கொல்லுப் பட்டறைக்காரர் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். பட்டறைக்காரன் மகனுக்கு விளங்கிய விஞ்ஞானம் பட்டறைக்காரருக்கு விளங்காதா?

அந்தத் தங்கத் துகளின்மேல், ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டுமே பிடிக்கக்கூடிய எதிர்ப்பொருளை ஒட்டிவிடுகிறார்கள். பூட்டும் சாவியும்போல, வேறொன்றும் அதில் பொருந்தாது. காகிதப் பட்டையில் ஒரு துளி விட்டால் அது ஊறி ஓடுகிறது. தேடுகிற மூலக்கூறு அதில் இருந்தால் தங்கம் அதைப் பிடித்துக்கொள்ளும். பட்டையின் நடுவே கோடாகப் பூசிய இன்னொரு எதிர்ப்பொருள் அந்தத் தங்கத்தைப் பிடித்து நிறுத்தும். ஆயிரமாயிரம் துகள்கள் சேர்ந்து நின்றால் சிவப்புக் கோடு! மருந்துக் கடையில் விற்கிற கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் நம் வீட்டுப் பெண்கள் பார்த்த கோடு, கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த பட்டையின் கோடு, பெரும்பாலும் இதே வித்தைதான்.

விஞ்ஞானிகள் அதோடு நிற்கவில்லை. மெல்லிய உலோகப் படலத்தில் மூலக்கூறு வந்து ஒட்டினால், பட்டுத் திரும்பும் ஒளி கொஞ்சம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தே ஒட்டியது எவ்வளவு என்று சொல்லலாம் என்பதை 1983இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் காட்டினார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே, லாடம்போல் வளைத்த ஒளியிழையைக் கொண்டு இதே வேலையைச் செய்யும் ஆராய்ச்சி நடந்து வருகிறது. இழை வளையும் இடத்தில் ஒளி கொஞ்சம் வெளியே கசியும். அங்கே மூலக்கூறு ஒட்டினால் கசிவு மாறும். மறுமுனையில் அந்த மாற்றம் தெரியும். நெசவாலைத் தோழருக்கு இழை அறுந்ததைத் தறியின் சத்தமே சொல்வதுபோல, இங்கே ஒளியே சொல்லிவிடுகிறது.

இதனால் என்ன லாபம்? உணவில் கிருமி இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க ஓரிரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். அதற்குள் சோறும் தீர்ந்துவிடும், சாப்பிட்டவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். சிலவகைக் கிருமி நஞ்சு சோற்றை மறுபடி சூடாக்கினாலும் சாவதில்லை. இந்தப் பட்டைகளும் இழைகளும் அதே சோதனையைச் சில மணி நேரத்தில், சிலவற்றைச் சில நிமிடத்தில் முடிக்கின்றன. பெரிய கட்டடம் வேண்டாம். குளிர்சாதன அறை வேண்டாம். பட்டை மடியில் அடங்கும். முதலாளியின் தயவில்லாமல் தொழிலாளியே வைத்துப் பார்க்கலாம். அதனால்தான் இது நம் விஷயம். பார்க்கும் உரிமைக்காகப் போராடும் கைக்குப் பார்க்கும் கருவியும் வந்தால் யாருக்கு நடுக்கம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்!

பட்டை சாக்கடையைச் சுத்தம் செய்யாது, எலியைப் பிடிக்காது. பட்டை பொய்யும் சொல்லும். குறைந்த நஞ்சைத் தவறவிடும். சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூடத்தின் முடிவுதான் முடிவு. ஏட்டுச் சுரைக்காயாக எதையும் நாம் நம்பத் தேவையில்லை. ஆனால் "கருவி முழுமையாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்லிச் சோற்றுப் பானையை மூடி வைக்கவும் விடமாட்டோம்.

கண்ணை எங்கே திருப்புகிறார்கள்?

முதலாளிகளுக்கு இந்தக் கருவிமேல் ஆசை உண்டு. ஆனால் சோற்றுப் பானைப் பக்கம் திருப்ப அல்ல. தொழிலாளியின் உடம்புப் பக்கம் திருப்ப!

2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்கு மணமான பெண்களை ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். பாரபட்சம் காட்டவில்லை என்று கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் இலாகா தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. தாலியைப் பார்த்து ஆள் தள்ளும் புத்தி எங்கே இருந்தாலும் அந்தப் புத்தியின் கையில் ஒரு துளி சிறுநீரில் கர்ப்பத்தைக் காட்டும் பட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு துளி ரத்தத்தில் நாளை வரப்போகும் சர்க்கரை வியாதியையும் சிறுநீரக நோயையும் காட்டும் கருவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? நோயுள்ளவரைக் குணப்படுத்த அல்ல, வாசலிலேயே வடிகட்டத்தான் அது பயன்படும். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் மனிதரைப் பொறுக்குவார்கள்!

ஆக, ஒரே தங்கத் துகள். ஒரே சிவப்புக் கோடு. பானைப் பக்கம் திருப்பினால் உயிர் காக்கும். உடம்புப் பக்கம் திருப்பி, முடிவை மானேஜர் பெட்டியில் பூட்டினால் பிழைப்பைப் பறிக்கும்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்கள் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். பூச்சிமருந்துகளில் ஒரு பெரும் பிரிவு, நம் நரம்புகளுக்கு வேண்டிய ஒரு நொதியை முடக்கிப்போடுகிறது. மயங்கி விழுவதற்கு முன்பே ரத்தத்தில் அந்த நொதி குறையத் தொடங்கிவிடும். ஒரு துளி ரத்தமும் நிறம் மாறும் ஒரு கரைசலும் இருந்தால் ஒளியைக் கொண்டே அந்தக் குறைவை அளக்கலாம். அளந்தவர் சொல்வார்: "அண்ணே, ஒரு மாதம் மருந்துப் பக்கம் போகாதீர்கள்." ஓர் உயிர் தப்பும். வயலில் மட்டுமா இந்த ஆபத்து? 2010 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைக்குள்ளேயே 200க்கு மேற்பட்ட தொழிலாளிகள் தலைசுற்றி, குமட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பூச்சிமருந்து தெளித்ததுதான் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. வயலுக்கும் ஆலைக்கும் நடுவே சுவர் இருக்கலாம். நஞ்சுக்குச் சுவர் கிடையாது.

245 ரூபாய் 600 ரூபாயான கதை

"எல்லாம் சரி, தனியார் செய்து விற்கட்டும், சர்க்கார் வாங்கிக் கொடுக்கட்டும்" என்று சில பெரிய மனிதர்கள் உபதேசிப்பார்கள். அவர்களுக்கு 2020 ஏப்ரல் ஞாபகமிருக்கிறதா?

கோவிட் நோய் பரவி, ஊரடங்கில் ஆலையும் மூடி, வடநாட்டுத் தொழிலாளிகள் மூட்டையைத் தலையில் வைத்து நடந்துகொண்டிருந்த நேரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சீனாவிலிருந்து துரித சோதனைப் பட்டைகள் வாங்க ஏற்பாடு செய்தது. இறக்குமதி செய்தவருக்கு ஒரு பட்டை 245 ரூபாய். சர்க்காருக்கு வைத்த விலை 600 ரூபாய்! தமிழக அரசும் 600 ரூபாய்க்கே ஆர்டர் கொடுத்தது. இந்தக் கணக்கு எப்படி வெளிவந்தது? தணிக்கை செய்தா? மனச்சாட்சி உறுத்தியா? இல்லை. இடைத்தரகர்கள் தங்களுக்குள் பங்குச் சண்டை போட்டு டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே குட்டு உடைந்தது. 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவிட்டது. அதற்குள் பட்டைகள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தெரிந்து, ஏப்ரல் 27ஆம் தேதி மாநிலங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள்.

காகிதப் பட்டை ஒன்று. அதற்கு நடுவில் எத்தனை கைகள்! ஊர் சாகக் கிடக்கும்போதும் ஒன்றுக்கு இரண்டாகச் சம்பாதிக்கும் கைகள். இவர்களிடமா நோயறியும் கண்ணை ஒப்படைப்பது? வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் பிழைக்குமா?

சர்க்காருக்குச் செய்யத் தெரியாதா? தெரியும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899இல் தோன்றியது. 1948இல் அதே கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசிக் கூடம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குப் பொதுத்துறைதான் ஊசி செய்து கொடுத்தது. 2008இல் கிண்டி, குன்னூர், கசௌலி மூன்று கூடங்களிலும் உற்பத்தியை நிறுத்தினார்கள்; பலத்த எதிர்ப்புக்குப் பிறகே 2010இல் தடை நீங்கியது. செங்கல்பட்டில் பொதுப் பணத்தில் எழுப்பிய தடுப்பூசி வளாகம் 2021இல் மக்கள் மூச்சுக்குத் திணறியபோது ஒரு குப்பி மருந்தும் தராமல் வெறுமனே நின்றது. திறமை இல்லாமல் அல்ல, மனமில்லாமல்!

ஒரகடத்தில் என்ன கேட்பது?

இப்போது ஒரகடம் சிப்காட்டில் சுமார் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா. மத்திய சர்க்காரின் திட்டப்படி தேர்வான 4 மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. மாநிலத்துக்கு 100 கோடி ரூபாய் உதவி என்பது திட்டம். நிலம் மக்களுடையது; பணம் மக்களுடையது; ரோடும் தண்ணீரும் மின்சாரமும் மக்களுடையது. அங்கே செய்யப்படும் கருவி மட்டும் யாருடையது? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதையாக இது முடியக் கூடாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்து, 40 வயது கடந்த தொழிலாளிக்கு வருஷத்துக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை என்று தம்பட்டம் அடித்தார்கள். செல்போன் ஆலை வரிசையில் போய்ப் பாருங்கள்: நிற்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கும் பெண்கள். நாற்பது வயதுவரை யார் அவர்களை வேலையில் வைத்திருக்கப் போகிறார்கள்? பசித்தவனுக்குப் பழைய சோறு இன்றைக்கு. பாயசம் இருபது வருஷம் கழித்து!

ஆகவே நாம் கேட்பது இவைதான்.

விடுதியிலும் கேன்டீனிலும் தண்ணீரும் சாப்பாடும் பரிமாறுமுன் சோதிக்கப்பட வேண்டும். சோதிப்பவரோடு தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், பெண்கள் உட்பட, நிற்க வேண்டும். முடிவு அன்றைக்கே தமிழிலும், இந்தியிலும், ஒடியாவிலும் வாசலில் ஒட்டப்பட வேண்டும். கோடு சிவந்தால் அந்தப் பானையைக் கொட்டும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு வேண்டும்.

தொழிலாளியின் ரத்தமும் சிறுநீரும் தொழிலாளியின் சொத்து. அதன் முடிவு முதலில் அவர் கைக்கு, அவருக்குப் புரியும் மொழியில் வர வேண்டும். அதைக் காட்டி வேலை மறுப்பதும் வேலையை விட்டு நீக்குவதும் குற்றமாக வேண்டும். கர்ப்பப் பரிசோதனைக்கு ஆலை வாசலில் இடமே இல்லை.

மருந்து தெளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, தெளிப்புப் பருவத்துக்கு முன்னும் பின்னும், இலவச ரத்தச் சோதனை வேண்டும்.

பொது நிலத்தில், பொதுப் பணத்தில், பொது ஆய்வுக்கூடங்களில் பிறக்கும் கருவியைப் பொதுத்துறையே செய்ய வேண்டும். தனியார் செய்தால் அடக்கவிலையைப் பகிரங்கமாகக் காட்டி, சர்க்கார் குறித்த விலைக்கே விற்க வேண்டும். 245 ரூபாய் இன்னொரு முறை 600 ரூபாய் ஆகக் கூடாது.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்கிறீர்களா? சாம்சங் தொழிலாளிகள் 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரத்தில் 37 நாள் உட்கார்ந்ததையும், 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவு பெற்றதையும் பார்த்தோமே! சங்கம் பதிவாகாது என்று அடித்துச் சொன்னவர்கள் இன்று எங்கே? 2021இல் அந்தப் பெண்கள் சாலையில் உட்காராமல் இருந்திருந்தால் அந்தச் சமையலறையின் எலிகளைப் பற்றி உலகம் கேள்விப்பட்டிருக்குமா? அந்த இரவில் எந்த நானோ சென்சாரும் அவர்களிடம் இல்லை. ஒன்றாக உட்கார்ந்தார்கள், உலகம் திரும்பிப் பார்த்தது.

தங்கத் துகள் எந்தப் பக்கமும் சாயாது. பிடித்த கை திருப்பும் பக்கம் பார்க்கும். அதைத் தொழிலாளியின் உடம்பை விட்டுத் திருப்பிச் சோற்றுப் பானையின் பக்கம் வைக்கும் வேலை நம்முடையது. இன்றிரவு விடுதியில் தட்டை எடுக்கும்போது பக்கத்திலிருக்கும் தோழியிடம் கேளுங்கள்: "இந்தத் தண்ணீரை யார் சோதித்தார்கள்? அந்தக் காகிதம் எங்கே?" நாளைக் காலை அதே கேள்வியை நூறு பேராகச் சேர்ந்து வார்டனிடம் கேளுங்கள்!